கூர்மை விற்பனைக்கு இல்லை

மரச் சிற்பக் கருவிகளைப் பற்றி ஒரு கருத்து இன்று ஊரெங்கும் உண்மையாகவே ஏற்கப்பட்டுவிட்டது. உளி என்றால் இங்கிலாந்திலோ சுவிட்சர்லாந்திலோ ஜெர்மனியிலோ செய்ததாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டாக வாங்காமல் பன்னிரண்டு உளிகள் அடங்கிய பெட்டியாக வாங்கிவிட வேண்டும். வாய் மழுங்கினால் மின்சாரச் சாணையில் இரண்டு நிமிடம் காட்டினால் போதும். அதற்கும் சரிவராவிட்டால் புதிது வாங்கிக்கொள்ளலாம். பொழுதுபோக்காகச் செதுக்கத் தொடங்கும் ஐ.டி. ஊழியர் இதைச் சொல்கிறார். கைவினைஞருக்கு உதவத் திட்டம் எழுதும் அதிகாரியும் இப்படித்தான் நினைக்கிறார். அப்பாவின் பட்டறையை ஏற்று நடத்தும் இளைஞர்களில் பலரும் இப்போது இதையே நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தக் கருத்து அடியிலேயே தவறு. பணம் கொடுத்ததும் முழுமையாகக் கைக்கு வந்துவிடும் சரக்கு என்று கருவியை அது எண்ணுகிறது. உளியின் உயிர் அதன் வாயில் இருக்கிறது. அந்த வாயை ஒரு முறை செய்து முடித்துவிட எந்தத் தொழிற்சாலையாலும் ஆகாது. வேலை செய்யச் செய்ய அது தேயும், தீட்டத் தீட்ட மறுபடி பிறக்கும். கடையில் உளி வாங்குகிறவர் பாதிக் கருவியைத்தான் வாங்குகிறார். மறுபாதியை அவரே தினந்தோறும் செய்துகொள்ள வேண்டும். இந்த மறுபாதியை மறந்ததால்தான் விலையுயர்ந்த உளிகள் அலமாரியில் துருப்பிடிக்கின்றன, நல்ல கைகள் மொக்கை உளியோடு மல்லுக்கட்டுகின்றன.

இதைச் சென்னையின் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பேசுவதற்குக் காரணம் உண்டு. கோயில் வாகனங்கள் செய்யும் பட்டறைகள் இந்தப் பேட்டையின் தெருக்களில் உண்டு. யாளி, அன்னம், கருடன், ரிஷபம், குதிரை என்று உற்சவ மூர்த்திகளைச் சுமக்கும் உருவங்கள் இங்கே மரத்தில் உயிர் பெறுகின்றன. 1734-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தப் பேட்டையை நெசவுத் தொழிலுக்காக அமைத்தபோது, நெய்பவரோடு நூற்பவரையும் துணியில் சித்திரம் தீட்டுபவரையும் வெளுப்பவரையும் சேர்த்தே குடியமர்த்தியது. ஒரு தொழில் தனியாக நிற்காது, தன்னைச் சுற்றிப் பல தொழில்கள் இருந்தால்தான் நிற்கும் என்ற அறிவு அந்த ஏற்பாட்டில் இருந்தது. மரச் சிற்பிக்கும் அதே நியதிதான். அவருடைய சுற்றுவட்டத்தைப் பாருங்கள். கூவத்துக்கு அக்கரையில் புதுப்பேட்டை: பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்ட இரும்பு அங்கே கிடைக்கும், அதில் நல்ல எஃகும் உண்டு. சென்ட்ரலைத் தாண்டினால் பெரியமேட்டுத் தோல் கடைகள்: தீட்டிய உளிக்குக் கடைசி மெருகு ஏற்றும் தோல் துண்டு அங்கே கிடைக்கும். இன்னும் வடக்கே திருவொற்றியூர்: 1954-இல் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனத்தின் சாணைப் பொருள் ஆலை அங்கே இருக்கிறது. எஃகும் கல்லும் தோலும் ஒரே நகரத்துக்குள் இருக்கின்றன. இவற்றின் நடுவே உட்கார்ந்துகொண்டு, கூர்மையை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும் என்று சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

எதிர்த் தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். பெயர் பெற்ற ஐரோப்பிய உளிகள் நல்ல உளிகள்தான். அவற்றின் எஃகு சீரானது, பதம் சீரானது. ஒரே எண்ணுள்ள இரண்டு உளிகளை அருகருகே வைத்தால் வளைவு ஒன்றுபோல் இருக்கும். நம் கடைகளில் மலிவாகத் தொங்கும் உளிகளில் பல, பளபளப்பான மேற்பூச்சுக்கு அடியில் வெறும் மெல்லிரும்பு. நாலு தட்டு தட்டினால் வாய் மடங்கிவிடும். அவற்றை வாங்கி ஏமாந்தவர் வெளிநாட்டு உளியைத் தேடிப் போவது இயல்பே. என் சண்டை அந்த உளியோடு இல்லை, அதைச் சுற்றிக் கட்டப்பட்ட நம்பிக்கையோடுதான்.

முதலில் எஃகைப் பார்ப்போம். உளிக்கு வேண்டியது இரும்பும் போதிய அளவு கரியும் சரியான பதமும்தான். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் கரி இருக்கிறது. பேரிங் எஃகில் சுமார் 1 சதவீதம் கரியும் கொஞ்சம் குரோமியமும் உண்டு. தேய்ந்துபோன பழைய அரத்தில் கரி 1 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். ஐரோப்பிய உளிகளும் இதே குடும்பம்தான். சிலவற்றில் குரோமியம், வனேடியம் சிறிது சேர்ந்திருக்கும். வேறுபாடு பெரும்பாலும் பதத்தில்தான் இருக்கிறது. எஃகைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றுத் தாண்டியதும் எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் அது கடினமாகும். கூடவே கண்ணாடிபோல் உடையும் குணமும் வந்துவிடும். மறுபடி மெல்லச் சூடாக்கி, துலக்கிய பரப்பில் வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்தினால் உடையும் குணம் தணியும், கடினம் தங்கும். இந்த நிறம் ஏறத்தாழ 220 முதல் 240 டிகிரி செல்சியஸுக்குள் வருவது. இதைக் கண்ணால் பார்த்தே பிடிக்கத் தெரிந்த கொல்லர் அடித்துத் தரும் உளி எந்த நாட்டு உளிக்கும் பின்தங்கியதாக இருக்காது.

இங்கே நம் பக்கத்துப் பெருமை ஒன்றையும் மறுத்தாக வேண்டும். "உலகத்துக்கே உருக்குக் கொடுத்தவர்கள் நாம், நம் உளி தாழ்ந்ததாக இருக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வரலாறு உண்மைதான். தென்னிந்திய உருக்கை லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819 வாக்கில் ஆராய்ந்தார், கத்திகள் செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து அதைப் போன்ற கலவைகளைச் செய்துபார்த்தார். சென்னை அரசுப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். பின்னர் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உருக்குத் தொழில் அதனால் பெரும் பயன் அடைந்தது. ஆனால் அன்று உலையில் உருகிய எஃகின் புகழ் இன்று உங்கள் கையிலுள்ள உளியைக் கூராக்காது. பழம்பெருமையும் இறக்குமதி மோகமும் செய்யும் தவறு ஒன்றே. கூர்மை பிறந்த ஊரால் வரும் என்று இரண்டும் நம்புகின்றன.

அப்படியானால் உளியை எப்படித் தேர்ந்தெடுப்பது? முத்திரையைப் பார்க்காமல் உளியைப் பாருங்கள். வாயருகே ஒரு நல்ல அரத்தை வைத்து உரசுங்கள். அரம் வழுக்கினால் வாய் பதமேறியிருக்கிறது, பிடித்துக் கடித்தால் மெத்தென்று இருக்கிறது. தண்டில் உரசும்போது அரம் கடிக்க வேண்டும். தண்டும் வாயைப்போலவே கடினமாக இருந்தால் தட்டும்போது முறியும். குழி உளியாக இருந்தால் உள்வளைவைப் பாருங்கள். மரத்தை வெட்டும் விளிம்பு அங்கேதான் முடிகிறது. அங்கே சிறு குழிகளோ கோடுகளோ இருந்தால் வெளிப்பக்கத்தை எவ்வளவு தீட்டினாலும் விளிம்பு ரம்பப் பல்லாகவே இருக்கும். பிறகு கெட்டியான மரத்தின் வெட்டுமுகத்தில் சிலமுறை தட்டிப் பாருங்கள். விளிம்பு மடங்கினால் பதம் போதாது, உதிர்ந்தால் பதம் மிஞ்சிவிட்டது. இந்தச் சோதனைகளில் எதற்கும் உளி எந்த நாட்டில் பிறந்தது என்று தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது தவறு பெட்டி. முழு செட்டாக வாங்கினால் எல்லா வேலைக்கும் தயார் என்ற எண்ணம் நல்ல திட்டமிடல்போலத் தோன்றும். உண்மையில் இன்னொருவர் மரத்துக்கும் இன்னொருவர் வேலைக்கும் அமைந்த கருவியை நம் தலையில் கட்டிக்கொள்வதுதான் அது. ஐரோப்பியச் செதுக்குக் கலை பெரிதும் வளர்ந்தது லைம் மரத்தில். தென் ஜெர்மனியின் பழைய தேவாலயச் சிற்பங்கள் அந்த மரம்தான். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் கிரின்லிங் கிப்பன்ஸ் செதுக்கிய பூக்கொத்துகளும் அதே மரம்தான். மென்மையானது, நார் நெருக்கமானது, எந்தப் பக்கம் திருப்பினாலும் இணங்கும். அதற்கு மெல்லிய சரிவு கொண்ட உளி பொருந்தும். நம் தேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்குக்குள் மணற்சத்து இருக்கிறது, விளிம்பை அது அரித்துத் தின்றுவிடும். வாகையிலும் தூங்குமூஞ்சியிலும் நார் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னியிருக்கும். இந்தப் பக்கம் வழவழவென்று வரும் உளி அரை அங்குலம் தள்ளினால் நாரைப் பிய்த்துவிடும். வேங்கை அடியை எதிர்த்து நிற்கும். இவற்றில் 20 டிகிரிச் சரிவோடு ஓங்கித் தட்டினால் விளிம்பு உதிரும். 25 முதல் 30 டிகிரி வரை தடித்த சரிவு வேண்டும்.

அத்தியும் மாவிலங்கையும் மென்மையானவை, ஆகவே எந்த உளியும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிரானதுதான் உண்மை. கெட்டி மரம் தன் கெட்டித்தனத்தாலேயே நாரைப் பிடித்து நிற்கும். மென்மரத்தின் நாருக்கு அந்தப் பிடிப்பு இல்லை. மழுங்கிய வாய் அதை வெட்டாமல் அமுக்கும், பிய்க்கும். மரம் எவ்வளவு மென்மையோ உளி அவ்வளவு கூராக இருக்க வேண்டும். இந்த ஓர் உண்மையை எந்தப் பெட்டியின் மூடியிலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள்.

வேலையின் அளவையும் பாருங்கள். ஆள் உயரக் குதிரை வாகனத்துக்கு முதலில் வாய்ச்சி வேண்டும், பிறகு அகலமான பட்டை உளியும் பெரிய குழி உளியும் வேண்டும். மேசைமேல் வைத்துச் செதுக்கும் சிறு உருவத்துக்காக அமைந்த பெட்டியில் இவை இருக்காது. உட்காரும் முறையும் வேறு. நம் சிற்பி பெரும்பாலும் தரையில் அமர்ந்து, காலால் மரத்தை அணைத்துக்கொண்டு, கொட்டாப்புளியால் தட்டுகிறார். பல பட்டறைகளில் உளி தலைமுதல் வாய்வரை இரும்புதான், மரப்பிடி கிடையாது. ஐரோப்பியர் நின்றபடி, பட்டறைப் பலகையில் மரத்தை இறுக்கிவைத்து வேலை செய்கிறார். அவருடைய உளியின் நீளமும் பிடியும் அந்த நிற்கும் உடம்புக்கு அளவெடுத்தவை. உடம்பு மாறினால் கருவியும் மாற வேண்டும்.

வளைவுக்கு எண் கொடுக்கும் ஷெஃபீல்டு முறை பயனுள்ளது, அதை மறுக்கவில்லை. தட்டை வாய்க்கு 1, சாய்ந்த வாய்க்கு 2, பிறகு 3 முதல் 9 வரை வளைவு கூடிக்கொண்டே போகும், 10-உம் 11-உம் ஆழமான குழிவுகள். ஆனால் இந்த வரிசையை முழுதாக வைத்திருப்பதே தேர்ச்சி என்று நினைப்பதுதான் பிழை. தொடங்குபவருக்கு ஓர் அகலப் பட்டை உளி, ஒரு குறுகிய பட்டை உளி, தட்டையாக வளைந்த ஒன்று, ஆழமாக வளைந்த ஒன்று, கோடு கிழிக்க முக்கோண வாய் கொண்ட ஒன்று போதும். இவற்றை நன்றாகத் தீட்டக் கற்றபின், வேலை எங்கே தடுக்கிறதோ அங்கே அடுத்த உளி பிறக்கும். யாளியின் பல்லுக்குப் பின்னால் குடைய நேராக நீண்ட எந்த உளியும் உள்ளே போகாது. அப்போது சிற்பி கொல்லரிடம் போய், கழுத்து வளைந்த உளி வேண்டும், இவ்வளவு வளைவு, இவ்வளவு அகலம் என்று சொல்லி அடித்து வாங்குவார். அந்த உளி ஒரு தேவைக்கு விடையாக வந்தது. பெட்டியில் வரும் உளியோ கேள்வி எழுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அதில் பாதி தொடப்படாமலே கிடக்கிறது.

மூன்றாவது தவறுதான் மிகுந்த கேடு செய்வது: மழுங்கினால் மின்சாரச் சாணை. நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும் சாணைக்கல்லில் உளியை அழுத்தினால் பொறி பறக்கும், வாய் சீக்கிரமே கூராகத் தெரியும். ஆனால் மெல்லிய விளிம்பு ஒரு நொடியில் காய்ந்துவிடும். விளிம்பில் நீலம் ஓடினால் சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். கொல்லர் வைக்கோல் நிறத்தில் நிறுத்தி வைத்த பதம் அங்கேயே போய்விட்டது. அதன்பின் அந்த உளி தீட்டத் தீட்ட மழுங்கும். உடைமைக்காரர் எஃகைக் குறை சொல்வார், உள்ளூர்க் கொல்லரைக் குறை சொல்வார், அதைவிட விலையுயர்ந்த உளியை வாங்குவார், அதையும் அதே சாணையில் கொண்டுபோய் வைப்பார். இறக்குமதி உளி மீதான மோகத்தில் பெரும்பங்கு இப்படிச் சாணையில் கருகிய உளிகளிலிருந்து பிறந்தது என்பதே என் கணிப்பு.

வாய் உடைந்திருந்தால் மட்டுமே சாணை. அப்போதும் விளிம்புக்கு அருகே விரலை வைத்துக்கொண்டு, சூடு தெரிந்த உடனே தண்ணீரில் தோய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் எண்ணெய்க் கல்தான். சரிவு முழுவதும் கல்லில் படிய வேண்டும். கை ஏறி இறங்கினால் சரிவு உருண்டுபோகும். உருண்ட சரிவு மரத்துக்குள் இறங்காமல் மேலே வழுக்கும். குழி உளியை முன்னும் பின்னும் தேய்ப்பதோடு மணிக்கட்டால் உருட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் நடுப்பகுதி தேய்ந்து மூலைகள் கொம்புபோல் நிற்கும். விளிம்பு முழுவதும் மெல்லிய பிசிறு ஏறியது விரலுக்குத் தெரிந்தால் கல் தன் வேலையை முடித்துவிட்டது. உள்வளைவிலுள்ள பிசிறை உருண்டை விளிம்புள்ள சிறு கல்லால் நீக்கி, கடைசியில் மெருகுப் பசை தடவிய தோலில் விளிம்பைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் தோல் வெட்டுப்படும்.

கூர் பார்க்க நகமோ மயிரோ வேண்டாம். ஒரு மென்மரத் துண்டில் நாருக்குக் குறுக்கே ஒரு கீற்று வெட்டுங்கள். தடம் முழுவதும் பளபளத்தால் உளி தயார். தடத்தின் நடுவே வெள்ளைக் கோடு ஓடினால் விளிம்பில் அந்த இடத்தில் பல் இருக்கிறது. வீணை வாங்குகிறவர் யாரும் சுருதி சேர்ந்த நிலையிலேயே அதை வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கலாம் என்று நினைப்பதில்லை. சுருதி சேர்ப்பது இசைக்குள்ளேயே அடங்கியது. உளி தீட்டுவதும் சிற்பத்துக்குள்ளேயே அடங்கியது. வேலை நடுவே அடிக்கடி தோலில் நாலு இழுப்பு இழுப்பவருக்குக் கல் தேவைப்படுவது குறையும், கல்லைத் தவறாமல் தொடுபவருக்குச் சாணை தேவைப்படுவது குறையும், உளியும் பல்லாண்டு நிற்கும்.

சென்னையின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கடல் தொலைவில் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஈரம் சுவரிலேயே ஊறும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் ஒரே இரவில் விளிம்பில் செம்பொட்டு விழும். அந்தப் பொட்டு மறுநாள் நீங்கினாலும் அதன் குழி விளிம்பில் தங்கும். வேலை முடிந்ததும் துடைத்து, மெல்லிய மெஷின் எண்ணெய் பூசி, துணிச்சுருளில் ஒவ்வொன்றையும் தனித்தனி அறையில் செருகி வைக்க வேண்டும். சாக்குப் பையில் மொத்தமாகப் போட்டால் ஈரமும் பிடிக்கும், ஒன்றின் வாய் மற்றொன்றில் மோதி உடையவும் செய்யும். ஆயுத பூஜை அன்று துலக்கிச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். அந்த மரியாதையை மறுநாள் காலை முதல் எண்ணெய்க் கல்லில் காட்ட வேண்டும்.

எதிர்வாதங்கள் நான்கு கேட்கும். நான்கையும் நேராகவே எதிர்கொள்கிறேன்.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பார்கள். கைத்திறன் உள்ளவனுக்குக் கருவி ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். கருவி கெட்டிருக்கிறது என்று சொல்லும் இளைஞரின் வாயை அடைக்கவே பட்டறைகளில் இந்தப் பழமொழி அதிகம் பயன்படுகிறது. மரத்தில் கைத்திறன் விளிம்பு வழியாகத்தான் இறங்க முடியும், வேறு பாதை இல்லை. மொக்கை உளியால் நல்ல வேலை செய்யும் சிற்பி இருக்கிறார் என்றால், வேலைக்குப் போக வேண்டிய அவர் பலத்தை உளி தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். ஆபத்தும் அங்கேதான். கூரான உளிக்குச் சிறு தட்டு போதும், நின்ற இடத்தில் நிற்கும். மழுங்கிய உளியை ஓங்கி அடிக்க வேண்டும், வழுக்கினால் எதிரே இருப்பது பெரும்பாலும் இடது கை.

"பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குத் தீட்ட நேரம் எங்கே?" என்று அடுத்து கேட்பார்கள். நான்கில் நேர்மையான கேள்வி இதுதான். மழுங்கிய உளி ஒவ்வொரு தட்டிலும் நேரத்தைத் திருடுகிறது, பிய்ந்த நாரைச் சரிசெய்யும்போது மறுபடி திருடுகிறது, கடைசியில் உப்புத்தாளில் தேய்க்கும்போது மூன்றாம் முறை திருடுகிறது. ஆனாலும் இதைக் கூலிக்காரரிடம் மட்டும் சொல்வது அநியாயம். தீட்டும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டுக் கூலி கொடுக்க வேண்டியது பட்டறை உரிமையாளரின் கடமை, அந்தச் செலவை விலையில் ஏற்க வேண்டியது வாகனம் செய்யச் சொல்லும் கோயிலின் கடமை. தீட்டுவதை ஓய்வு நேர வேலையாக ஒதுக்கியதால்தான் அது செய்யப்படாமல் போனது.

"எப்படியும் பெயிண்ட் அடிக்கப் போகிறோம், தகடு போர்த்தப் போகிறோம். அடியில் மரம் எப்படி இருந்தால் என்ன?" என்பது மூன்றாவது. அமுங்கிய நார் அமுங்கியே இருப்பதில்லை. பூச்சின் ஈரமோ மழைக்கால ஈரமோ பட்டதும் நிமிரும். வழவழப்பாகத் தெரிந்த கன்னம் சொரசொரப்பாகும், பூச்சில் வெடிப்பு விழும். தகடும் மரத்தின் பொய்யை மறைக்காது. மயிலை கபாலீசுவரரின் பங்குனி உற்சவத்தில் வரும் அதிகார நந்திபோல வெள்ளி போர்த்திய வாகனத்தில், அடியிலுள்ள மரத்தின் மேட்டிலும் பள்ளத்திலும்தான் தகடு உருவம் கொள்கிறது. மரத்தில் மழுங்கிய இமை வெள்ளியிலும் மழுங்கியே இருக்கும்.

நான்காவது வாதம்தான் இன்று மிகப் பலமாக ஒலிக்கிறது. கணினி இயக்கும் சி.என்.சி. ரௌட்டர் வந்துவிட்டது, கையுளிக்கு இனி என்ன வேலை? இயந்திரத்தை நான் எதிர்க்கவில்லை. வாய்ச்சியால் நாள்கணக்கில் கழித்த மரத்தை அது மணிக்கணக்கில் கழித்தால் சிற்பியின் தோள் பிழைக்கும். ஆனால் சுழலும் வெட்டுமுனை தன் பருமனைவிடக் குறுகிய மூலைக்குள் போகாது, மேலிருந்து இறங்கும் முனை பல்லுக்குப் பின்னால் குடையாது, போன இடமெல்லாம் சின்னச் சின்ன வரப்புகளை விட்டுச்செல்லும். கண், இதழ், விரல் நுனி, மாலையின் அடிப்பக்கம் ஆகிய எல்லாம் கைக்கே மிஞ்சுகின்றன. அதாவது இயந்திரம் எளிதான வேலையை எடுத்துக்கொண்டு கடினமானதைக் கையிடம் விட்டிருக்கிறது. முன்பு முரட்டு வேலைக்கு முரட்டு உளி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் சமாளித்தோம். இனி கையில் எடுக்கும் ஒவ்வோர் உளியும் நுண்ணிய வேலைக்கே போகிறது. இயந்திரம் வந்த பட்டறைக்குத்தான் நன்றாகத் தீட்டிய உளி இரட்டிப்பாகத் தேவை. அங்கே உளிக்குப் பதில் உப்புத்தாளைக் கொடுத்தால், எந்த ஊரில் செய்தாலும் ஒரே முகம் கொண்ட வாகனங்கள்தான் வரும்.

அரசின் பார்வையும் இந்தப் பரவலான கருத்தின் நிழலில்தான் இருக்கிறது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்கு, கருவிகள் வாங்க ரூ.15,000 வரை வவுச்சர் தருகிறது. அந்தத் திட்டத்தை அதன் வடிவில் ஏற்காத தமிழக அரசு, சாதிவழித் தொழில் என்ற கட்டு இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-இல் தொடங்கி, 25 தொழில்களுக்கு மானியத்தோடு கடன் தருகிறது. இரண்டிலும் பயிற்சிக்கு இடம் உண்டு, நல்ல நோக்கமும் உண்டு. ஆனால் கருவி என்றதும் இரண்டின் கையும் வாங்கும் சீட்டை நோக்கியே நீள்கிறது. மத்திய திட்டத்தின் பட்டியலில் கொல்லரும் கருவி செய்பவரும் தனித் தொழில்களாகவே இருக்கிறார்கள். அப்படியிருக்க, சிற்பிக்குக் கொடுக்கும் கருவிப் பணத்தை அவர் பக்கத்து ஊர்க் கொல்லரிடம் உளி அடித்து வாங்கச் செலவிட வழி செய்தால் ஒரே பணம் இரண்டு தொழில்களைக் காக்கும். அரும்பாவூர், தம்மம்பட்டி, கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சியே. அந்தக் குறியீடு சிற்பத்தின் பெயரைக் காக்கும், சிற்பத்தைச் செய்யும் விளிம்பை அது காக்காது.

பயிலும் இடங்களிலிருந்து மாற்றம் தொடங்கலாம். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாகப் பெரியமேட்டருகே நிற்கிறது. 1957-இல் தோன்றிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் மரச் சிற்பம் பட்டப் படிப்பாகவே இருக்கிறது. தீட்டுதலை முதல் ஆண்டின் தனிப்பாடமாக வைத்து, தீட்டிய விளிம்பையே தேர்வுத் தாளாகக் கொண்டு மதிப்பெண் கொடுக்க வேண்டும். குறுக்கே வெட்டிய கீற்று பளபளக்கவில்லையென்றால் அடுத்த பாடம் கிடையாது. வாரம் ஒரு நாள் மாணவரைக் கொல்லுலையில் நிறுத்தி, எஃகின் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்க வைக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், வெளிநாட்டு நிபுணரும் வேண்டாம். தீட்டத் தெரிந்த மூத்த ஆசாரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆசிரியருக்குரிய இடமும் ஊதியமும் கொடுத்தால் போதும்.

செதுக்க ஆசைப்படும் பிள்ளைக்கோ, பட்டறையில் சேர்ந்திருக்கும் இளைஞருக்கோ உளிப் பெட்டி வாங்கித் தர நினைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நல்ல உளி, ஓர் எண்ணெய்க் கல், ஒரு தோல் துண்டு, தீட்டக் கற்றுத் தரும் ஆசாரிக்கு ஒரு மாதச் சம்பளம் என்று அதே பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். அந்த ஒரு மாதத்தில் கற்றது கையில் இருந்தால் மூன்றாவது உளியை அவரே சரியாகத் தேர்ந்தெடுப்பார். அது கையில் இல்லாதவருக்குப் பெட்டியிலுள்ள பன்னிரண்டும் பன்னிரண்டு இரும்புத் துண்டுகள்தான்.